ஐந்து கியரும் பின்னால்

லாரிப் பட்டறையில் அவனுக்கு ‘இன்னொருதரம்’ என்று பட்டப்பெயர். வேலை முடிந்துவிட்டது, டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார், சாவியைத் திருப்பப் போகிறார் என்கிற நேரத்தில் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். “இன்னொரு தரம் கழட்டிப் பாத்துடலாமே” என்பான். கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்? முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். டிரைவர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்வார்கள். இவன் அசைந்து கொடுக்க மாட்டான். பத்துத் தடவை கழற்றினால் ஒன்பது தடவை உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். அந்தப் பத்தாவது தடவை ஒரு பேரிங்கில் மயிரிழை அளவு விரிசல் இருந்து தொலைக்கும். அவ்வளவுதான், அடுத்த ஆறு மாதத்துக்கு அவனை எவனும் ஒன்றும் சொல்ல முடியாது.

இருபத்தேழு வருஷம் அவன் கியர் பெட்டியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. எஞ்சின் வேலைக்கு வேறு ஆள், பிரேக்குக்கு வேறு ஆள். கியர் பெட்டி என்றால் இவன். காதை வைத்துக் கேட்டே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் மூன்று மாதம் ஒழுகிக்கொண்டே இருக்கும். “ஊருக்கெல்லாம் கழட்டி மாட்டறீங்க, இந்த வாஷரை மாத்த உங்களுக்குக் கை வரலையா?” என்று பெண்டாட்டி கத்துவாள். ஆள் நல்லவன்தான். அழுத்தக்காரன், அவ்வளவே.

அவனுக்கு ஒரே அக்கா. அவனைவிட ஆறு வயது பெரியவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தம்பி வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு அறை, ஒரு சமையலறை, தனி வாசல். டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். இரண்டு சின்னக் கார்கள், கூரைமேல் மஞ்சள் பலகை. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கார்களில் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும், தெரியுமல்லவா? கற்றுக்கொள்கிறவன் சுவரில் கொண்டுபோய் விடாமல் இருக்க. அதில் காலை வைத்துக்கொண்டு, “ரோட்டப் பாரு. கால பாக்காத. கால் எங்கயும் ஓடிடாது” என்று ஆயிரக்கணக்கான பேருக்குச் சொன்னவள். கியரில் ‘கரக்’ என்று சத்தம் வந்தால் போதும், முகம் சுருங்கிப்போகும். “அது உன்னோட பல்லா இருந்தா இப்படிக் கடிப்பியா?” என்பாள்.

அவளிடம் கற்றுக்கொண்ட ஒரு பல் டாக்டர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டே சீட். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். சிவப்பு என்று சொல்ல முடியாது, ஒரு காலத்தில் சிவப்பு. எஞ்சின் கல்லு மாதிரி இருந்தது. கியர் பெட்டிதான் போய்விட்டது. மூன்றாவது கியர் நிற்காமல் துள்ளி வெளியே வந்துவிடும், இரண்டாவது விழவே விழாது. டாக்டர் பாவம், பல்லைப் பிடுங்கத் தெரிந்தவர், பல்லைக் காப்பாற்றத் தெரியவில்லை.

“நீதான் இருக்கியேடா” என்று அக்கா அதை வாங்கி முற்றத்துத் தகரக் கொட்டகையில் விட்டாள். “எவனுக்கும் சொல்லிக்கொடுக்காம, எனக்குன்னு ஒரு நாளு நானே ஓட்டணும். பக்கத்து சீட்ல ஆளே இருக்கக் கூடாது.” தம்பியும் சரி என்றான். இந்த வருஷம் பண்ணிவிடலாம் என்றான். அடுத்த வருஷமும் அதையே சொன்னான். வண்டிமேல் துணி போர்த்தியபடி நான்கு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு நாள் பாடம் நடக்கும்போது அக்காவின் இடது கால் கிளட்சிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. செருப்பைக் குற்றம் சொன்னாள். செருப்பை மாற்றினாள். மறுபடி விழுந்தது. படியேறும்போது இடது பாதம் தொங்கிக்கொண்டு படியில் இடித்தது. நரம்பு டாக்டர் ஊசி குத்தி, மின்சாரம் வைத்து, இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் உட்கார வைத்துச் சொன்னார். தசைக்குப் போகிற நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற நோய். இடது காலில் ஆரம்பித்திருக்கிறது. அங்கேயே நிற்காது. மருந்து இல்லை.

“எவ்வளவு நாளு டாக்டர்?” என்று தம்பி கேட்டான்.

“உயிருக்கா?” என்றார் டாக்டர்.

“காலுக்கு” என்றாள் அக்கா.

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. மூன்று மாதமும் ஆகலாம், ஐந்து மாதமும் ஆகலாம் என்றார். வெளியே வந்ததும் அக்கா தம்பியின் தோளைப் பிடித்து நடந்துகொண்டே சொன்னாள்: “பெட்டிய இறக்குடா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.” நான்கு வருஷம் தள்ளிப்போட்டவன் அவன்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றினான். அன்றே ஒரு காரியம் செய்தான். எடை பார்க்கும் மெஷினைக் கிளட்ச் பெடலுக்கும் தன் காலுக்கும் நடுவில் வைத்து மிதித்துப் பார்த்தான். பெடல் அடிவரை போக பதினைந்து கிலோ தேவைப்பட்டது. ஸ்பிரிங்கை லேசாக்கலாம் என்றால் கிளட்ச் வழுக்கும், வண்டி இழுக்காது. ஆகவே பதினைந்து. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, மெஷினைச் சுவரில் சாய்த்து, இடது காலால் உதைக்கச் சொன்னான். முப்பத்தொன்று காட்டியது.

“ரெண்டு மடங்கு இருக்கு!” என்று அக்கா சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் பல் தேய்த்ததும் சுவரை உதைப்பாள். எவ்வளவு வந்ததோ அதைக் கொட்டகைத் தகரத்தில் சாக்குக்கட்டியால் எழுதி வைப்பாள். தம்பி பெண்டாட்டி அந்தப் பக்கம் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வேறு வழி சொல்லிப் பார்க்காமல் இல்லை. ஸ்கூல் காரில் இருப்பது போல இதிலும் பக்கத்தில் இன்னொரு கிளட்ச் வைத்துத் தருகிறேன், நான் மிதிக்கிறேன், நீ ஓட்டு என்றான் தம்பி. அக்காவுக்குக் கோபம் வந்ததே பார்க்க வேண்டும். “இருவத்திரண்டு வருஷம் அடுத்தவனுக்காக மிதிச்சேன்டா. எனக்காக ஒருத்தன் மிதிக்கணுமா? அப்ப அது யாரு ஓட்டற வண்டி?” கிளட்சே இல்லாத வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து வரட்டுமா என்று அவன் பெண்டாட்டி கேட்டாள். “அது சோபாம்மா” என்றாள் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெட்டி இறங்கியது. அதை வைக்க வீட்டில் இருந்த ஒரே பெரிய மேஜை, தம்பி பெண்டாட்டி துணி வெட்டித் தைக்கிற மேஜை. அவள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக்கொடுப்பவள். “என் மேஜையில ஒரு சொட்டு ஆயில் பட்டுச்சு, உங்களையே ரெண்டா வெட்டிடுவேன்” என்றாள். ஆனால் அவளேதான் துணியையெல்லாம் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பழைய போர்வை ஒன்றை மேஜையில் விரித்தாள். நாத்தனாரின் காலை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

பெட்டியின் அடிப்பக்கம் மேஜையில் சரியாக உட்காரவில்லை, தொட்டால் ஆடியது. ஆகவே கவிழ்த்து வைத்துப் பிரித்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கவிழ்த்து வைத்தான். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றிலும் சாக்குக்கட்டியால் குறி போட்டான். பக்கவாட்டு மூடிகளில் இடது, வலது என்று எழுதினான். உள்ளேயிருந்து எடுத்த ஒவ்வொரு சாமானையும் எடுத்த வரிசையிலேயே போர்வையில் அடுக்கினான். மேஜை நிறைந்து தரைக்கும் வந்தது. ஒன்றரை மாதம் அந்தக் குடும்பம் நின்றுகொண்டுதான் சாப்பிட்டது.

பகலெல்லாம் பட்டறையில் லாரி, சாயங்காலம் வீட்டில் இது. பாதிப் பற்கள் மழுங்கிப்போயிருந்தன. கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை வளையங்கள் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழத்தன. புது வளையங்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அக்கா ஸ்கூலை மூடிவிட்டாள். மஞ்சள் பலகைகளைத் தானே கழற்றினாள். தகரத்தில் முப்பத்தொன்று இருபத்தாறாயிற்று, இருபத்தாறு இருபத்திரண்டாயிற்று.

வளையங்கள் வந்ததும் தம்பிக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பேரிங்குகளை எண்ணெயில் சூடாக்கி இறக்கினான். கத்தரித்த காகிதம் போன்ற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் எடுத்தும் இடைவெளியை அளந்தான். இப்போது பெட்டியைச் செங்கல் வைத்து நிமிர்த்தி நிறுத்தியிருந்தான், நேராகப் பார்த்து மாட்ட வசதியாக. கடைசியில் மூடியெல்லாம் போட்டு முறுக்கி, உள்ளே போகும் தண்டைக் கையால் சுற்றினான். ஐந்து கியரும் ஒவ்வொன்றாக விழுந்தன. காதை வைத்துக் கேட்டான். ஒரு முனகல் இல்லை. மறுபடி சுற்றினான், மறுபடி கேட்டான். சுற்றுகிறதா என்று நூறு தடவை பார்த்தவன், எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று ஒரு தடவை பார்க்கவில்லை. லாரி வேலையில் அதைப் பார்க்கத் தேவையே வந்ததில்லை.

வண்டியில் ஏற்றிய அன்று தகரத்தில் பதினெட்டு என்று எழுதியிருந்தது. மூன்று கிலோதான் மிச்சம். காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். அக்கா தலையை வாரி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். தம்பி அவளைத் தூக்கி அந்தத் தாழ்வான சீட்டில் உட்கார வைத்தான். பெண்டாட்டி கேட்டைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். வண்டிக்கு முன்னால் திறந்த கேட், அதற்கப்பால் தெரு. பின்னால் கொட்டகைச் சுவர்.

“யாரும் பேசாதீங்க” என்றாள் அக்கா. சாவியைத் திருப்பினாள். கிளட்சை மிதித்தாள், முழுசாக, அடிவரைக்கும். முதல் கியரைப் போட்டாள். சத்தமே வரவில்லை. தம்பியைப் பார்த்து ஒரு கண்ணடித்தாள். மெதுவாகக் கிளட்சை விட்டாள்.

வண்டி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. “தப்பா போட்டுட்டேன் போல” என்று அக்காவே சொன்னாள். கியர் தப்பாகப் போடுகிற ஆளா அவள்? மறுபடி போட்டாள். மறுபடி சுவரில்தான் முட்டியது. இரண்டாவதைப் போட்டாள், அதுவும் பின்னால். ரிவர்ஸைப் போட்டாள். வண்டி ஒரு முழம் அழகாக முன்னால் வந்து நின்றது.

தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. லாரியில் கியர் பெட்டி தனி, பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் பெரிய பல்சக்கரம் தனி. இந்த வண்டியில் இரண்டும் ஒரே பெட்டிக்குள். அந்தப் பெரிய சக்கரம் இடது பக்கமும் உட்காரும், வலது பக்கமும் உட்காரும், இரண்டிலும் சொல்லி வைத்த மாதிரி பொருந்தும். பக்கம் மாறினால் எல்லாமே தலைகீழாகச் சுற்றும். கவிழ்த்து வைத்திருந்த பெட்டியில் எழுதிய இடது வலதை, நிமிர்த்தி வைத்த பெட்டியில் பார்த்து மாட்டியிருக்கிறான், மடையன். முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக ஐந்து.

முதலில் சிரித்தது அவன் பெண்டாட்டி. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. அடுத்து அக்கா. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். “டேய், உலகத்துலயே பின்னாடி ரொம்ப வேகமா போற வண்டிடா இது! நூத்தம்பதுல ரிவர்ஸ் போலாம்!” தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் சாம்பலாகிப் போயிருந்தது.

சிரித்து ஓய்ந்ததும் அக்கா சொன்னாள்: “பரவால்லடா. தெருக்கோடியில அந்த மைதானம் சும்மாதானே கிடக்கு. அதுவரைக்கும் அந்த ஒத்தைக் கியர்ல உருட்டிக்கிட்டுப் போறேன். அங்க போய் பின்னாடியே ஓட்டறேன். என்னைவிட எவன்டா ரிவர்ஸ் ஓட்டுவான்? பின்னாடி பாத்துக்கிட்டே அஞ்சு கியரும் மாத்தறேன். நகரு.”

“வேணாக்கா. இறங்கு.”

“என்னடா?”

“ஒரு பெட்டி இப்படி என் கையால வெளிய போகக் கூடாது. ஊரே சிரிக்கும். பத்தே நாளு. திருப்பிப் போட்டுத் தர்றேன், நீ முன்னாடி பாத்து ஓட்டு.”

“எவன் சிரிச்சா எனக்கென்ன? எனக்குக் கால் இன்னைக்கு இருக்குடா.”

“பத்து நாளுல எங்கயும் போயிடாது. உனக்கு ஒழுங்கா செஞ்சு தரணும்கா. இந்த அசிங்கத்துல உன்னை ஓட்ட விட மாட்டேன்.”

சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அக்கா அவனையே பார்த்தாள். “ஏங்க, அண்ணி ஒரு சுத்து போகட்டுமேங்க” என்று பெண்டாட்டி கெஞ்சினாள். “உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ உள்ள போ” என்று அவள்மேல் எரிந்து விழுந்தான். அக்காவால் தானாக அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியாது. அவன் தூக்கி இறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு அக்காமேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாசம் ஒரு பக்கம் இருக்க, அந்த நிமிஷம் அவனுக்குப் பெரிதாகப் பட்டது அவன் மானம். அதை நான் மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

பத்து நாளில் முடித்திருக்கலாம். சத்தியமாக முடித்திருக்கலாம். பெட்டியை இறக்கி, பக்க மூடிகளைக் கழற்றி, சக்கரத்தை மாற்றி வைத்து, இடைவெளியைச் சரி செய்து ஏற்ற வேண்டியதுதான். ஆறாம் நாள் சாயங்காலம் அந்த வேலை முடிந்தேவிட்டது. பெட்டி மூடித் தயாராக மேஜையில் இருந்தது. இந்தத் தடவை சுற்றும் திசையையும் பார்த்துவிட்டான். அப்போதுதான் அவன் காதில் ஏதோ பட்டது. இரண்டாவது கியரில் ஒரு சின்ன உரசல். பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவைக் கேட்கச் சொன்னான்.

“ஒண்ணுமில்லடா. ஏத்து” என்றாள் அக்கா.

“இல்லக்கா, இருக்கு. இன்னொரு தரம் தொறந்து பாத்துடறேன்.”

திறந்தான். இரண்டாவது கியரின் பித்தளை வளையத்தில் நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற ஒரு கீறல். லாரியாக இருந்தால் அப்படியே போட்டிருப்பான். அக்கா வண்டி அல்லவா? புது வளையத்துக்கு எழுதிப் போட்டான். கப்பல். ஐந்து வாரம் என்றார்கள், ஆறு வாரம் ஆனது. பெட்டி வாயைப் பிளந்துகொண்டு மேஜையில் கிடந்தது. தகரத்தில் பதினாறு, பதினைந்து. ஒரு வாரம் முழுக்கப் பதினைந்தில் நின்றது. அந்த வாரம் அக்கா தினமும் வந்து மேஜைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். “அந்தக் கீறல் விழுந்த வளையத்தையே போடுடா” என்று ஒரு நாள் கேட்டாள். “வந்துடும்கா, இந்த வாரம் வந்துடும்” என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பதின்மூன்று என்று எழுதிய மறுநாளிலிருந்து தகரத்தில் எழுதுவதையும் நிறுத்திவிட்டாள்.

வளையம் வந்தது. போட்டான். ஏற்றினான். அன்று காலை எடை மெஷினைத் தேடி எடுத்து வந்து, “ஒரு தடவ உதைச்சுப் பாருக்கா” என்றான். ஒன்பது காட்டியது. அவளைத் தூக்கி ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்தான். ஏழு வாரத்தில் உடம்பு பஞ்சு மாதிரி ஆகியிருந்தது.

எஞ்சின் ஓடியது. அக்கா இடது காலைக் கையால் எடுத்துக் கிளட்சின்மேல் வைத்தாள். மிதித்தாள். பெடல் பாதிவரை போய் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துத் தள்ளினாள். அப்படித் தள்ளினால் கியரைப் போட ஏது கை? ஒரு கையை எடுத்துக் கியரைத் தள்ளினாள். கரக் என்று ஒரு சத்தம் வந்தது, எலும்பைக் கடிக்கிற மாதிரி. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையிலிருந்து வராத சத்தம். சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். எஞ்சினை அணைத்தாள்.

“பெட்டிய உடைச்சிடப் போறேன். அந்தப் பக்கம் உக்கார வை” என்றாள்.

தம்பி அழுதுகொண்டேதான் தூக்கினான். பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டான். ஓட்டுகிற சீட்டில் அவன் ஏறினான். கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து, தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தார்கள். முதல், இரண்டு, மூன்று. வெண்ணெய் மாதிரி விழுந்தன. அப்படி ஒரு பெட்டியை அவன் வாழ்க்கையில் செய்ததில்லை, இனிமேல் செய்யப்போவதும் இல்லை. ஒவ்வொரு கியர் விழும்போதும் அவனுக்கு நெஞ்சில் குத்தியது.

“நல்லா பண்ணியிருக்கடா” என்றாள் அக்கா. கிண்டலாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவள், மனசாரச் சொன்னாள்.

“அக்கா, என்னை மன்னிச்சிடு.”

“எதுக்கு? பக்கம் மாத்திப் போட்டதுக்கா? அது யாருக்கும் வரும்டா.”

“இல்ல. சாவிய எடுத்துக்கிட்டதுக்கு.”

எதிரே வந்த ஒரு தண்ணி லாரி போகும்வரை அக்கா பொறுத்திருந்தாள்.

“அன்னைக்கு நான் ஓட்டியிருப்பேன். பின்னாடியோ முன்னாடியோ, அஞ்சு கியரும் என் காலால போட்டிருப்பேன். உன் பேருக்காக அதை நீ எடுத்துக்கிட்ட. அதுக்கு இன்னும் மன்னிக்கலடா. பொய் சொல்ல எனக்கு வரல. மன்னிச்சா சொல்றேன்.” பிறகு, “நாலு போடு, எஞ்சின் கத்துது” என்றாள்.

அவன் நாலு போட்டான்.

அதற்குப் பிறகு அவள் பதினோரு மாதம் இருந்தாள். அந்த வண்டியில் மறுபடி ஏறவில்லை, ஏறச் சொல்லி அவனும் கேட்கவில்லை. நோய் இடது காலிலிருந்து வலது காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கைக்கு வந்தது. தம்பி பட்டறையில் பாதி நேர வேலைக்கு மாறிக்கொண்டான். குளிப்பாட்டுவது பெண்டாட்டி, தூக்குவது, திருப்புவது, ஊட்டுவது இவன். முகத்தைச் சுளித்தான், சலித்துக்கொண்டான் என்று ஒரு நாள்கூடச் சொல்ல முடியாது. அவளும் அவனோடு நன்றாகத்தான் பேசினாள். பட்டறைக் கதை கேட்பாள். முதலாளியை நக்கலடிப்பாள். தொட்டிலில் கிடக்கிற வயசில் அவன் எப்படி அழுவான் என்று அழுதுகாட்டிச் சிரிக்க வைப்பாள். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. மன்னித்தால் சொல்கிறேன் என்று சொன்னவள், சொன்ன சொல்லைத் தவறாதவள் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் காத்திருந்தான். சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது, விளக்கைப் போடும்போது, இப்போது சொல்வாளா என்று அவள் வாயைப் பார்ப்பான்.

ஒன்பதாம் மாதம் நாக்கு போய்விட்டது. முதலில் குழறியது, பிறகு அவன் பெண்டாட்டிக்கு மட்டும் புரிந்தது, பிறகு அவளுக்கும் புரியவில்லை. கண் மட்டும் மிச்சம். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள். தண்ணி வேணுமாக்கா? ஆமாம். திருப்பிப் படுக்க வைக்கவா? இல்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுதா? ஆமாம். ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்பான்.

“அதையும் கேட்டுடுங்களேன்” என்றாள் பெண்டாட்டி, சமையலறையில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“எதை?”

“எதைன்னு உங்களுக்குத் தெரியாதா? அவங்களால சொல்ல முடியல. நீங்கதான் கேக்கணும். ஒரு தடவ கேட்டா என்ன?”

“ரெண்டு தடவ மூடிட்டாங்கன்னா?”

அவள் விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை கேட்பாள், கேட்டீங்களா என்று. இன்னைக்குக் களைப்பா இருக்காங்க என்பான். இன்னைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு என்பான். அவங்க முகம் கொஞ்சம் தெளியட்டும், கேக்கறேன் என்பான். ஒரு தடவை படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, “அக்கா” என்று ஆரம்பித்தான். அவள் அவனையே பார்த்தாள், கண்ணைக் கொட்டாமல், காத்திருக்கிற மாதிரி. “தலகாணி சரியா இருக்கா?” என்று கேட்டான்.

அவள் உடனே கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு தடவை மூடித் திறந்தாள்.

அது ஒரு வியாழக்கிழமை. அன்று சமையலறையில் பெண்டாட்டி அவனைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க உங்க கேள்விக்காகத்தான் கிடக்கறாங்கங்க. எனக்குத் தெரியுது. போய்க் கேளுங்க, என் கண்ணு இல்ல” என்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன், நிச்சயம் கேட்கிறேன், பட்டறை லீவு, பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போனான்.

அக்கா சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டாள்.